யார் மூட்டிய அடுப்பு

ஓகஸ்ட் 18, திங்கள்

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. ஸ்காபரோவிலிருந்து பாதர்ஸ்ட் வீதி வரை ஒன்றேகால் மணி நேரம். நாற்பது பக்கம் படித்தேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் டெவோரா காப்லன் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் இயக்குநர். தனியாக வாழும் யூத முதியவர்களுக்குச் சமைத்த உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டு நிறுவனம் இது. மேல்மாடியில் அலுவலகம், கீழே சமையலறை. ஏப்ரலில் ஊழியர் நலப் பிரிவில் சேர்ந்தேன். பிரிவு என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் இருப்பது நான் ஒருத்திதான்.

"யூதத் தொண்டு நிறுவனங்களில் நல்ல ஆட்கள் இரண்டு வருடம்கூட நிற்பதில்லை. ஏன் போகிறார்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை. நாம் கேட்போம், ஆரணி," என்றார் டெவோரா. பெயர் எழுதாத கேள்வித்தாள், மூன்று கேள்விகள். இங்கே எது நல்லது, எது கடினம், நீங்கள் இயக்குநராக இருந்தால் எதை மாற்றுவீர்கள். சமையலறையில் இருக்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் தமிழ்ப் பெண்கள். "அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதட்டும். நீ மொழிபெயர்த்துக் கொடு. உன்னைப் போன்ற ஒருத்தி எங்களுக்கு வேண்டியிருந்ததே இதற்காகத்தான்."

கடைசி வாக்கியத்தைப் பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன். பாராட்டாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 30இல் என் சோதனைக் காலம் முடிகிறது. அன்று நிரந்தரமாக்குவார்கள், அல்லது ஆக்கமாட்டார்கள்.

ஓகஸ்ட் 20, புதன்

காலையில் கீழே போய்த் தாள்களைக் கொடுத்தேன். கோஷர் சமையலறை, அதாவது யூத உணவு விதிகளின்படி நடப்பது. இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, பால் பொருளுக்கு நீலம். வெளியிலிருந்து ஒரு பிஸ்கட் கூட உள்ளே வரக்கூடாது. அதனால் சமைப்பவர்கள் தங்கள் மதியச் சாப்பாட்டை வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து சாப்பிடுகிறார்கள். ஐந்து மாதமாக இங்கே இருக்கிறேன், இது இன்றுதான் தெரிந்தது.

அடுப்பு விஷயமும் இன்றுதான் முழுதாகப் புரிந்தது. யூதர் ஒருவர்தான் அடுப்பை மூட்ட வேண்டும். பிறகு யாரும் கிளறலாம், இறக்கலாம். முதல் தீயை வைக்கும் கை மட்டும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பாடு கோஷர் இல்லை, சமைத்த பாத்திரமும் ஆகாது. விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் சிமோன் வைஸ் காலை ஆறு மணிக்கு வந்து மூட்டுவார். அவர் இதேபோல மூன்று சமையலறைகளைப் பார்க்கிறார்.

"மாப்பிள்ளை வந்து தாலி கட்டினாத்தான் எங்கட அடுப்புப் பத்தும்," என்றார் ரூபா. "சில நாள் மாப்பிள்ளை ஏழு மணிக்குத்தான் வருவார். பொம்பிளை குளிர்ந்துபோய் இருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமைச் சமையலாள் லோஜினி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பேர் எழுதக்கூடாதோ?" என்று ரூபா கேட்டார். "அப்ப ஆரைப் பிடிச்சு ஏசுவினம்?"

"பிள்ளை, இதை ஆர் வாசிப்பினம்?" என்று லோஜினி அக்கா கேட்டார்.

"நான் மட்டும்தான் அக்கா. இங்கிலீஷில மாத்திக் குடுப்பன். உங்கட கையெழுத்து மேல போகாது."

"எழுதிறது அப்பிடியே போகுமோ?"

"அப்பிடியே போகும்."

கீழ்த்தட்டில் இரண்டு பெரிய சட்டிகள் கவிழ்த்துக் கிடந்தன. மேலே டேப் ஒட்டி, பேனாவால் 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. ஓட்டையாக்கும் என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 25, திங்கள்

ஐந்து தாள்களை முடித்தேன். சொந்தப் பெயர் இல்லாத எழுத்தைப் படிப்பது விசித்திரமாக இருக்கிறது. ஆட்கள் நேரில் பேசுவதைவிடக் கோபமாகவும், நேரில் பேசுவதைவிடப் பண்பாகவும் எழுதுகிறார்கள்.

'பனிக்காலத்தில் காருக்குள் இருந்து சாப்பிடுகிறோம், சோறு விறைத்துப் போகிறது.' நான் எழுதியது: ஊழியர்கள் வசதியான உணவருந்தும் இடத்தை வரவேற்பார்கள்.

'மேலே இருப்பவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது. கிச்சன் என்றுதான் கூப்பிடுவார்கள்.' நான் எழுதியது: பிரிவுகளுக்கு இடையே தொடர்பு வலுப்பட வாய்ப்புள்ளது.

இந்த மொழி எனக்கு நன்றாக வருகிறது. எங்கே கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

ஆறாவது தாள். 'எது கடினம்' என்ற கேள்விக்குக் கீழே:

'ஓகஸ்ட் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை சிமோன் வரவில்லை. ஏழு மணி மட்டுக்கும் பார்த்தோம். போன் எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு முதல் சாப்பாடு போகாவிட்டால் பிறகு சபாத் ஓய்வுநாள் வந்துவிடும், கொண்டுபோக ஒருவரும் இல்லை, அந்த வயதுபோன சனம் திங்கள் மட்டுக்கும் இருக்கிறதைத்தான் தின்ன வேண்டும். நான்தான் அடுப்பைப் பத்த வைத்தேன். ஏழரைக்கு அவர் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அறுபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. இனி நான் அப்படிச் செய்யக்கூடாது. தயவுசெய்து காலையில் இன்னொருவரை விடுங்கள்.'

யாருடைய எழுத்து என்று தெரியும். சூப் பெட்டிகளின் மேல் டேப்பில் தினமும் பார்க்கிற எழுத்து.

மதியம்வரை வேறு வேலை செய்தேன். விடுமுறைப் பட்டியலைச் சரிபார்த்தேன். பிரிண்டருக்கு மை மாற்றினேன். பிறகு எழுதினேன்: காலைப் பணி நேரத்தில் கூடுதல் உதவி இருந்தால் நல்லது.

இதில் பொய் எதுவும் இல்லை. உள்ளபடி எழுதினால் லோஜினி அக்காவை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெயர் போடாவிட்டாலும் அரைமணி நேரத்தில் கண்டுபிடிப்பார்கள். அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

தாளை மற்றவற்றோடு கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 27, புதன்

கிழிக்கவில்லை. ஆறு தாளும் இந்த டயறிக்குள் இருக்கின்றன.

செப்டம்பர் 3, புதன்

அறிக்கையை நிர்வாக சபை பார்த்துவிட்டது. பதில்களை வைத்து நான் போட்ட ஊழியர் திருப்திப் புள்ளி நூற்றுக்கு எண்பத்தொன்பது. டெவோரா எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். "மற்ற நிறுவனங்களிலிருந்து கேட்கிறார்கள், நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று. நம் சமூகத்தில் எல்லோரும் ஊழியர்களைக் குடும்பம் என்று சொல்வோம். சொல்லிவிட்டு நன்றிகூடச் சொல்ல மாட்டோம். நீ அதை மாற்றத் தொடங்கியிருக்கிறாய்."

உணவருந்த ஓர் அறை ஒதுக்குகிறார்கள், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். அது நல்ல செய்தி. உண்மையிலேயே நல்ல செய்தி.

எழும்பும்போது சொன்னார்: "சிமோனுக்கு நாலாவது சமையலறை ஒன்றையும் கொடுத்திருக்கிறோம். ஒரு பாலர் பாடசாலை. நம் கிச்சனில் காலையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை என்று உன் அறிக்கையில் பார்த்தோமே."

நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாயில் கோப்பி இருந்தது.

"உன் நிரந்தரக் கடிதமும் தயார். முப்பதாம் திகதி கையெழுத்திட்டுத் தருகிறேன்."

செப்டம்பர் 5, வெள்ளி

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சிமோன் இன்று ஆறு ஐம்பதுக்கு வந்தாராம். நேற்று ஏழு மணி. பத்தரைக்கு வண்டிகள் புறப்பட வேண்டும். நாலரை மணி நேர வேலையை மூன்றரையில் முடிக்கப் பார்த்து, ரூபாவின் இடது கையில் கொதி சூப் ஊற்றுப்பட்டுவிட்டது. விபத்துப் படிவம் நிரப்பக் கீழே போனேன். 'காரணம்' என்ற பெட்டியில் 'அவசரம்' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு 'தவறுதலாக' என்று எழுதினேன்.

"என்ன எழுதிறீர்?" என்றார் ரூபா. "மாப்பிள்ளை பிந்தினதெண்டு எழுதும்."

திரும்பும்போது லோஜினி அக்கா குளிரறை வாசலில் மறித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நான் எழுதினது மேல போனதோ?"

"போனது அக்கா."

"வாசிச்சவையோ?"

"ஓம்."

என் முகத்தைப் பார்த்தார்.

"வாசிச்சுப்போட்டுத்தானோ அவரை இன்னொரு இடத்துக்கும் விட்டவை?"

கையிலிருந்த விபத்துப் படிவத்தை மடித்தேன்.

"அப்ப அவைக்கு அது பெரிய விசயமில்லைப் போல," என்றார். "நான்தான் ஒரு மாசமாக் கிடந்து சாகிறன். அவர் பிந்தினா நாங்களே பத்த வைச்சாச் சரி, வாயால சொல்ல ஏலாது, அதுதான் பேசாமல் இருக்கினம். அப்பிடித்தானே?"

அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மேலே தொலைபேசி அடித்தது. அடித்தது என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா கேட்டா: "ஏன் சாப்பிடுறாய் இல்லை?" வேலை கூட என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

திங்கள் மாலை அவர்களுடைய புத்தாண்டு தொடங்குகிறது. இரண்டு நாள் பண்டிகைக்குமான சாப்பாடு திங்கள் காலையிலேயே போக வேண்டும், நூற்று நாற்பது பெட்டி. சிமோன் நான்கு சமையலறைக்கும் அன்று காலையே போக வேண்டும். பெட்டி கட்ட ஆள் போதாது என்று கேட்டார்கள். நான் வருகிறேன் என்றேன்.

பெட்டி கட்டத்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் பஸ்ஸில் போனேன். ஆறு மணிக்கு எல்லோரும் தயாராக நின்றார்கள். கோழி கழுவி, கரட் சீவி, வெங்காயம் அரிந்து வைத்திருந்தார்கள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. ஆறே கால். ஆறரை. சிமோனிடமிருந்து செய்தி வந்தது: பாலர் பாடசாலையில் நிற்கிறேன், எட்டு மணிக்கு வருவேன்.

"எட்டுக்கு வந்து எங்களைத்தான் அவிக்க வேணும்," என்றார் ரூபா. கையில் இன்னும் கட்டு இருந்தது.

லோஜினி அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார். முதல் திருகில் கையை வைத்தார்.

"அக்கா, வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

"வேண்டாம் அக்கா."

"மேல இருக்கிறவைக்குத் தெரியுந்தானே. நீர்தானே சொன்னனீர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குளிரறையின் மோட்டர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால் அவர் திருகியிருப்பார். நூற்று நாற்பது பெட்டிப் பண்டிகைச் சாப்பாடு.

"அவைக்குத் தெரியாது. நான் அதை எழுதேல்லை," என்றேன்.

"எதை?"

"அந்த வெள்ளிக்கிழமையை. விட்டிட்டன்."

"அட பாவி," என்றார் ரூபா.

லோஜினி அக்கா திருகிலிருந்து கையை எடுத்தார். மெதுவாக எடுத்தார், சூடான ஒன்றிலிருந்து எடுப்பதைப் போல. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"டெவோராவுக்குப் போன் எடும்," என்றார்.

"இப்பவா? ஆறே முக்கால்."

"அவவும் யூத மனுசிதானே. அடுப்புப் பத்த வைக்கக் கை இல்லையோ அவவுக்கு? எடும்."

ஆறு வருடமாக இந்தச் சமையலறை நடக்கிறது. மேல்மாடியில் பதினான்கு யூதர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரை வந்து ஒரு திருகைத் திருப்பச் சொல்லலாம் என்று கீழே இருந்த யாரும் நினைத்ததில்லை. நினைத்தாலும் கேட்கத் துணிந்ததில்லை. கீழே அடுப்பு ஆளுக்காகக் காத்துக் கிடக்கிறது என்று மேலே யாருக்கும் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டெவோரா பன்னிரண்டு நிமிடத்தில் வந்தார். ஈரத் தலை, பிஜாமாவுக்கு மேலே கோட். சிமோனுக்கு அழைத்துப் பேசினார். டெவோராவே மூட்டலாம் என்று சிமோன் சொன்னது எங்களுக்கும் கேட்டது. எந்தத் திருகு எதற்கு என்று டெவோராவுக்குத் தெரியவில்லை. லோஜினி அக்கா தொடாமல், விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். எட்டு அடுப்பும் பற்றிக்கொண்டன.

"இவ்வளவுதானா?" என்றார் டெவோரா. "நான் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறேன். ஏன் யாரும் என்னைக் கூப்பிடவில்லை?" பிறகு அவருடைய முகம் மாறியது. "மற்ற நாட்களில் சிமோன் பிந்தினால் என்ன செய்வீர்கள்?"

"காத்து நிற்போம்," என்று ரூபா உடனே ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஒரு நாள்," என்றார் லோஜினி அக்கா. அவருடைய ஆங்கிலம் சொல் சொல்லாகத்தான் வரும். "ஒரு நாள் மட்டும். ஓகஸ்ட் எட்டு. நான் மூட்டினேன்."

டெவோரா அடுப்பைப் பார்த்தார். மேலே ஏற்றியிருந்த சட்டிகளைப் பார்த்தார்.

"எந்தப் பாத்திரத்தில்?"

லோஜினி அக்கா கீழ்த்தட்டைக் காட்டினார். டேப் ஒட்டிய இரண்டு சட்டிகள். அன்றே எடுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஆறு கிழமையாக மற்றச் சட்டிகளில் இரண்டு தடவையாகச் சமைத்திருக்கிறார், ஒருவரிடமும் காரணம் சொல்லாமல்.

டெவோரா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் எழுதியிருந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை."

"ஏன்?"

"அவரைக் காப்பாற்ற," என்றேன்.

லோஜினி அக்கா ஒரு அகப்பையை எடுத்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெட்டிகள் பதினொன்றரைக்குப் புறப்பட்டன. பிறகு டெவோரா தன் அறையில் சொன்னது இது. அந்த அறுபத்திரண்டு பேருக்கும் சொல்லியாக வேண்டும், பண்டிகை முடிந்ததும் வியாழக்கிழமை. அதுவரை லோஜினி வீட்டில் இருக்கட்டும். "நான் அவரை நீக்க மாட்டேன். ஆனால் அவர்களில் ஒருவர் கோஷர் சான்றிதழ் கொடுக்கும் சபைக்கு எழுதினாலும் அது என் கையில் இல்லை. சபை அவரை மறுபடி அந்த அடுப்புப் பக்கம் விடாது."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

நான் எண்களை அழுத்திக் கொடுத்தேன், டெவோரா பேசினார். ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியங்கள், சுருக்காமல். ஒரு பாட்டி சிரித்தார். ஒருவர் அன்றைய கோழியில் உப்புக் கூட என்றார். இன்னொருவர் பரவாயில்லை பிள்ளை, தெரியாமல்தானே சாப்பிட்டேன் என்றார். ஐந்து பேர் இனிச் சாப்பாடு வேண்டாம் என்றார்கள். அதில் இருவர் பின்னேரம் திரும்ப அழைத்து, வேண்டும் என்றார்கள்.

ஐம்பத்து மூன்றாவது, ராட்னர் என்பவர், எண்பத்தெட்டு வயது. டெவோரா பேசி முடித்ததும் கேட்டார்: "மன்னிப்புக் கேட்கிறீர்களா?"

"ஆம்."

"இல்லை," என்றார். "அடுத்த வாரம் நோன்பு முடியட்டும், சபைக்குக் கடிதம் எழுதுகிறேன்."

அடுத்த புதன் மாலை யோம் கிப்பூர் தொடங்குகிறது, அவர்களுடைய பெரிய நோன்பு. அதற்கு முன், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடவுள் அதில் தலையிட மாட்டாராம். மறுத்தால் மறுபடி போக வேண்டும், மூன்று தடவை வரை. டெவோரா இதைச் சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஒவ்வொரு வருடமும் இந்த வாரத்தில் எல்லா ஊழியருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புவேன். யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்று. போன வருடம் இருபத்து மூன்று பேர் இதயப் படம் போட்டார்கள்."

பின்னேரம் லோஜினி அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. ராட்னர் சொன்னதைச் சொன்னேன். மூன்று தடவை வழக்கத்தையும் சொன்னேன்.

"அப்ப நான் போய்க் கேக்கிறன்," என்றார்.

"டெவோரா கேட்டவ அக்கா. அவர் மாட்டன் எண்டிட்டார்."

"அவவோ பத்த வைச்சவ? நான் கேக்க வேணும். மூண்டு தரம் எண்டா மூண்டு தரம்." கதவில் சாய்ந்துகொண்டார். "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. நீர் வாரும். இந்த முறை ஒண்டையும் விடாமல் சொல்லும்."

செப்டம்பர் 28, ஞாயிறு

முதல் தடவை. நான்காம் மாடி. சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பார்த்தார். லோஜினி அக்கா சொன்னார், நான் சொன்னேன். "இல்லை," என்று கதவைச் சாத்தினார். லிஃப்டுக்குள் லோஜினி அக்கா, "அவருக்கு ஷேர்ட் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு," என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

இரண்டாம் தடவை. சங்கிலியைக் கழற்றினார். உள்ளே விடவில்லை.

"உன் கதை எனக்குத் தெரியும்," என்று லோஜினி அக்காவைப் பார்த்துச் சொன்னார். "ஆள் வரவில்லை, நேரம் போய்விட்டது, கிழவர்கள் பட்டினி கிடப்பார்கள். நல்ல மனசு. எல்லோருக்கும் என்மேல் நல்ல மனசுதான். என் மகன் நல்ல மனசோடு என் காரை விற்றான். டொக்டர் நல்ல மனசோடு அடுப்பின் காஸை நிறுத்தச் சொன்னார். எதைச் சாப்பிடுவது என்பது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதையும் என்னைக் கேட்காமல் நல்ல மனசோடு எடுத்துவிட்டாய்."

ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன்.

லோஜினி அக்கா தலையாட்டினார். "அது சரிதானே," என்றார். "சரி எண்டு சொல்லும் அவருக்கு. ஒரு நாள் சாப்பாடு வராதெண்டு போன் அடிச்சுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றேல்லை."

அதையும் சொன்னேன். ராட்னர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "இல்லை," என்றார். ஆனால் கதவை நேற்றைப் போல அடித்துச் சாத்தவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் டெவோரா கூப்பிட்டார். கடிதம் மேசையில் இருந்தது, கையெழுத்து இல்லாமல். "இதை இன்றைக்குத் தர முடியாது. தரவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை," என்றார். "உன்மேல் கோபம் என்று நினைக்கிறாயா? எனக்குப் பயம். அந்த எண்பத்தொன்பதை நான் எல்லா இடத்திலும் சொல்லித் திரிந்தேன். வேறு என்னென்ன எனக்கு இனிப்பாக்கித் தந்தாய் என்று இப்போது தெரியவில்லை."

மற்ற ஐந்து தாள்களையும் மறுபடி மொழிபெயர்க்கிறேன் என்றேன். காருக்குள் விறைத்த சோற்றை, சோறு என்றே.

மாலை நான்கு மணிக்கு மூன்றாம் தடவை. ராட்னர் இன்று உள்ளே வரச் சொன்னார். இரண்டு நாற்காலி இருந்தது. லோஜினி அக்கா இருந்தார், நான் நின்றேன்.

"அன்றைக்கு என்ன சமைத்தாய்?"

"சூப். கோழி. கரட். உருளைக்கிழங்கு."

"இதை அலுவலகத்துக்கு யார் சொன்னது? யார் காட்டிக்கொடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் எழுதிக் குடுத்தனான்," என்றார் லோஜினி அக்கா. சொன்னேன்.

"எப்போது?"

"ஓகஸ்ட் இருபது."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஓகஸ்ட் இருபது. எனக்குத் தொலைபேசி வந்தது செப்டம்பர் இருபத்தைந்து. இந்த ஐந்து கிழமையும் அது எங்கே இருந்தது?"

இந்தக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னேன். லோஜினி அக்கா என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ர மறுமொழி தேவையில்லை. நீர் சொல்லும்," என்றார்.

"என்னிடம் இருந்தது," என்றேன். "நான் அந்த வரிகளை விட்டுவிட்டேன்."

ராட்னர் என்னை அப்போதுதான் பார்த்ததைப் போலப் பார்த்தார். மூன்று நாளும் அவருக்கு நான் ஒரு குரல் மட்டும்தான். பிறகு லோஜினி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இவளிடம் சொல். மன்னித்துவிட்டேன். கடிதம் எழுத மாட்டேன். சாப்பாடு வியாழக்கிழமை வேண்டாம், அன்று நோன்பு. வெள்ளிக்கிழமை அனுப்பட்டும். இவளே சமைக்கட்டும்."

சொன்னேன். லோஜினி அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நீ," என்றார் ராட்னர் என்னிடம். "நீயும் மூன்று தரம் வந்தாய். மூன்று தரமும் இவளுக்காக."

"இப்போதே கேட்கிறேன். என்னையும் மன்னித்து…"

"இல்லை. இவளோடு சேர்த்துக் கணக்கில் போடாதே. நாளைக்குச் சூரியன் மறையும்வரை நேரம் இருக்கிறது. தனியாக வா."

லிஃப்டில் லோஜினி அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா உமக்கு என்னவோ சொன்னவர். என்ன?"

அப்படியே சொன்னேன்.

"ஒண்டும் விடேல்லையே?"

"இல்லை அக்கா."

"பேச்சு வாங்கினீர், என்ன?"

"ஓம்."

"நல்லது," என்றார். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார். மன்னித்துவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. நான் அவரிடமும் இன்னும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 1, புதன்

நான்காம் மாடிப் படிக்கட்டில் இருந்து எழுதுகிறேன். பத்தேகால் மணி. அவருடைய வானொலி சத்தம் இங்கே கேட்கிறது.

என்ன சொல்வது என்று பஸ்ஸில் எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியம்: லோஜினியின் வேலை போய்விடும் என்று பயந்தேன். அடித்தேன். இரண்டாவது: உங்களைப் போன்றவர்களின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன். அதையும் அடித்தேன். பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் என்று ஒன்று எழுதினேன், அது அழகாக இருந்தது, அதை அடிக்க இரண்டு பஸ் தரிப்பு எடுத்தது. ஒரு பக்கம் முழுதும் கோடு.

மிஞ்சியது இவ்வளவுதான். அந்த அறிக்கை நன்றாக இருந்தால் செப்டம்பர் முப்பதாம் திகதி என்னை நிரந்தரமாக்குவார்கள். அதற்காக மறைத்தேன்.

இதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை, இங்கேயும்கூட.

மணியை அழுத்தப் போகிறேன்.